காலுறைக்குள் ஐம்பத்துநாலு

எங்கள் வீட்டில் யாராவது "ஐம்பத்துநாலு எங்க?" என்று கேட்டால் மூன்று பேருக்கும் ஒரே பொருள்தான் நினைவுக்கு வரும். சம்பல் போத்தல் அளவில் ஓர் இரும்புக் குவளை. அதன் வாயின் உள்பக்கம் வட்டமாக இருக்காது, எட்டு மூலை இருக்கும். அடியில் கைப்பிடி செருக ஒரு சதுரத் துளை. என் கணவருடைய பழைய ஃபோர்வீல் வண்டியின் முன்சக்கரத்துக்கு நடுவில், நன்றாக உள்ளே தள்ளி, ஐம்பத்துநாலு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நட்டு இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கென்றே பிறந்த ஸ்பேனர் இது. வேறு எந்த வேலைக்கும் ஆகாது.

வேறு வேலைக்கு ஆகாது என்று சொல்வது தவறு. மகள் ஆரம்பப்பள்ளியில் படித்தபோது இதில்தான் பென்சில் போட்டு வைத்திருந்தாள். காட்டுப் பாதைக்குப் போகும் நாளில் அவர் பென்சில்களை மேசைமேல் அடுக்கி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துப்போவார். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துப் பென்சில்களைத் திரும்பப் போடுவார். அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவர் எங்கள் ஊரான தம்போயில் ஒரு பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்க்கிறார். பேசுவது ரொம்பக் கம்மி. மகளிடம் "சாப்பிட்டியா"வுக்கு மேல் அவர் பேசி நான் கேட்டது அபூர்வம். நான் அதற்கு நேர் எதிர். செனாயில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் நட்டு, போல்ட்டு, வளையங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். அளவு சரியென்றால் பச்சைச் சீட்டு, தவறென்றால் சிவப்புச் சீட்டு. இந்த வேலை என் புத்தியையே மாற்றிவிட்டது. கல்யாண வீட்டில் பந்தல் கால் கோணலாக இருந்தால்கூட எனக்குச் சோறு இறங்காது. தப்பைக் கண்டால் சொல்லியே ஆகவேண்டும். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை.

மகள் தாதிமை படித்து முடித்து, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்து, கிளம்ப வேண்டிய நாள் வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். மாலை ஆறு மணிக்குச் செனாயிலிருந்து விமானம், கோலாலம்பூர் போய் அங்கிருந்து மாறவேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, "சீசன் நேரத்துல ஒரு டுரியான்கூட சாப்பிடாம போறேன்மா," என்று என்னிடம் சொன்னாள். சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவர் வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்துப் போனில் யாரிடமோ, "காலையில வரேன்லா," என்பது கேட்டது.

அந்த யாரோ அவருடைய கூட்டாளி. சிம்பாங் ரெங்கத்துக்காரர், எங்களைவிட மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கும் ஒரு பிக்கப் வைத்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி, ஒரு பள்ளத்தில், அவருக்கு இரண்டு ஏக்கர் டுரியான் இருக்கிறது. மழைக் காலத்தில் ஃபோர்வீல் இல்லாமல் அங்கே போக முடியாது. காலையில் போய்ப் பத்துப் பழம் பொறுக்கிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பி, பிள்ளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு. நானும் வருகிறேன் என்றேன். பழம் தட்டிப் பார்த்து எடுக்க என் கணவருக்குத் தெரியாது.

இவர்கள் ஃபோர்வீல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஆள் எல்லாச் சாமானையும் சுமப்பதில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பிரித்து வைத்திருப்பார்கள். ஐம்பத்துநாலும் நீளக் கைப்பிடியும் எங்கள் வண்டியில். வளையம் கழற்றும் குறடு, பித்தளைச் சுத்தியல், ஜாக்கி எல்லாம் அண்ணன் வண்டியில். இதில் இன்னொரு விஷயம், கிளம்பும்போது "கொண்டாந்தியா" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்கமாட்டார்கள். கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாம். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. எங்கள் தொழிற்சாலையில் கடவுளே வந்து சாமான் கொடுத்தாலும் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொல்வோம். இதை நான் பல தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அன்றைக்கு எண்ணாமல் விட்டேன்.

நடந்தது இதுதான். மேட்டுப் பாதையில் சாமான் பெட்டி கடகடவென்று சத்தம் போடும், எனக்குத் தலைவலி வரும். அதனால் அவருடைய பழைய சாம்பல் நிறக் காலுறைகளைத் துவைத்து வைத்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் ஒரு காலுறைக்குள் போட்டு முடிவது என் பழக்கம். கிளம்புவதற்கு முதல் நாள் மாலை சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் அந்த வேலை. மறுபக்கத்தில் மகளுடைய பெட்டிக்கு, மிளகாய் அரைத்து நான் வதக்கிய நெத்திலிச் சம்பல் போத்தல்கள். கண்ணாடி உடையக் கூடாதே என்று அவற்றையும் அதே காலுறைகளில்தான் போட்டேன். பெட்டியைக் கையால் தூக்கி எடைபார்க்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது, கொக்கியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டும். முப்பது கிலோவுக்கு அறுநூறு கிராம் குறைவாக இருந்தது. கடைசி போத்தல் ஐந்நூறு கிராம். கணக்குச் சரியாக வருகிறது என்று மேசையிலிருந்து ஒரு காலுறையை எடுத்துத் துணிகளுக்கு நடுவே செருகிப் பூட்டினேன். கையில் கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. பிள்ளையை அனுப்பும் வீட்டில் எதைத் தூக்கினாலும் கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஒன்பது மணிக்குப் பதினாலு பழம் வண்டியில் ஏறிவிட்டது. எங்கள் வண்டி முன்னால், அண்ணன் பின்னால். தோட்டத்துக்கு வெளியே வரும் பாதை ஒரே வண்டி போகும் அகலம். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் வாய்க்கால். மழை வெட்டிய ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. அவர் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, வேகம் கூட்ட எண்ணெயை மிதித்தார். சக்கரத்துக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. ஆனால் அவர் உடனே நிறுத்திவிட்டார்.

"என்ன அது?" என்றேன்.

"முன்னச்சுத் தண்டு," என்றார். "மூட்டு போயிருச்சு."

முன்னச்சுத் தண்டு என்பது எஞ்சின் பலத்தை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. சக்கரம் இடம் வலம் திரும்ப வேண்டும் என்பதால் அதன் நுனியில் தோள்பட்டை மாதிரி ஒரு மூட்டு இருக்கும். உடைந்தது அந்த மூட்டு. பொதுவாக உடைந்தால் முன்சக்கரத்தின் பிடியைத் திருகி விட்டுவிட்டுப் பின்சக்கரத்தாலேயே ஓட்டிக்கொண்டு வீடு வந்துவிடலாம். எங்களுக்கு உடைந்த துண்டு உள்ளே குறுக்கே மாட்டிக்கொண்டது. ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பினது திரும்பினபடி நின்றுவிட்டது. தண்டை வெளியே எடுக்காமல் வண்டி நகராது. வண்டி நகராமல் பின்னால் இருக்கும் அண்ணனும் வெளியே போக முடியாது. அந்தப் பள்ளத்தில் போன் லைனும் இல்லை.

மணி ஒன்பதே முக்கால். "ஒரு மணி நேர வேல," என்றார் அவர். அண்ணனும் தலையாட்டினார். நான் நிம்மதியாகவே இருந்தேன். சொல்லப்போனால் உள்ளுக்குள் சந்தோஷம்கூட. இருபது வருடமாக நட்டையும் வளையத்தையும் தனித்தனியாக அட்டைப்பெட்டியில் பார்க்கிறேன். அவை எல்லாம் சேர்ந்து ஒரு சக்கரமாக எப்படி நிற்கின்றன என்று ஒரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார்கள். பிரேக்கை அவிழ்த்து, அதன் குழாய் இழுபடாமல் ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். நடு மூடியைத் திறந்ததும், தண்டின் நுனியில் ஒரு காப்பு மாதிரி வளையம் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் குறட்டின் இரண்டு மூக்கை அதன் காதில் விட்டு அகட்டி எடுத்தார். அடுத்தது ஆறு நட்டு. நட்டை எடுத்த பிறகும் அதற்கு அடியிலிருந்த பெரிய மூடி வரவில்லை.

"ஏன் வரல?" என்றேன்.

"உள்ள கூம்பு கூம்பா வாஷர் இருக்கு தங்கச்சி. இறுகிப் பிடிச்சிருக்கும். இழுத்தா வராது, தட்டுனா வரும்," என்று பித்தளைச் சுத்தியலால் ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினார். வாஷர்கள் ஒன்றொன்றாக வெளியே குதித்தன.

"ஏன் பித்தள?"

"இரும்பால அடிச்சா போல்ட்டுத் தல நசுங்கிரும்."

"அப்ப பித்தள நசுங்காதா?"

"நசுங்கும். அது நசுங்கத்தான் வெச்சிருக்கோம்," என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூடி வந்ததும் உள்ளே, கிரீசுக்குள், அந்த எட்டு மூலை நட்டு தெரிந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே சாமான் பெட்டிக்குள் கையை விட்டு, தடவி, கனமான காலுறையை எடுத்தார். முடிச்சை அவிழ்த்து உள்ளே கை போட்டவர் அப்படியே நின்றார். மெதுவாக வெளியே எடுத்தார். நெத்திலிச் சம்பல்.

அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "தங்கச்சி, இது எத்தன மில்லிமீட்டரு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை, காலுறைகள், கையில் இருந்த கனம், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ஐம்பத்துநாலு தம்போயில், பூட்டிய பெட்டிக்குள், பிள்ளையின் சுவெட்டருக்கு நடுவில் படுத்திருக்கிறது. சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசி அழுதுவிட்டிருப்பேன். அவர் போத்தலை மறுபடியும் காலுறைக்குள் போட்டு, முடிந்து, பெட்டியிலேயே வைத்தார்.

"நீ நட," என்றார். "ரோட்டுக்கு முன்னால இருக்கற மேட்டு வரைக்கும் போனா லைன் கெடைக்கும். ஒன் தங்கச்சிய ரோட்டுக்குக் காடி கொண்டாரச் சொல்லு. நீயாச்சும் நேரத்துக்குப் போய்ச் சேரு."

மேடு ஆறு கிலோமீட்டர். சேற்றில் இரண்டு மணி நேரம். அப்போது மணி பதினொன்று. நடந்திருந்தால் மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருந்திருப்பேன், மகளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன். நான் நடக்கவில்லை. தப்பு என்னுடையது, இவர்களை விட்டுப் போக மனசு வரவில்லை என்று பிறகு எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. அந்த நட்டு எப்படி வரும், உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்காமல் எனக்குப் போக முடியவில்லை. இன்னும் அரைமணி நேரம், அதற்குள் முடிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காய்ந்த செம்பனை மட்டைமேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். என் பிள்ளை கிளம்பும் நாளில் என் புத்தி போன இடத்தைப் பாருங்கள்.

ஸ்பேனர் இல்லையென்றால் உளிதான். நட்டின் மூலையில் மொண்ணை உளியைச் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்ற வேண்டும். வேகமாக அடித்தால் மூலை சிதைந்துவிடும், பிறகு வீட்டில் இருக்கும் ஐம்பத்துநாலும் அதில் பிடிக்காது. மெதுவாக அடித்தால் நகராது. அவர் நாற்பது அடி அடித்து நிமிர்ந்தார். "நகருதா இல்லியான்னே தெரியல," என்றார்.

எனக்குத் தெரியும், இது அடையாளம் வைத்து அளக்கிற வேலை. ஒரு துணியில் பெட்ரோல் தொட்டு நட்டின் முகத்தையும் பக்கத்து இரும்பையும் துடைத்தேன். பேனா கிரீசில் எழுதவில்லை. நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டை எடுத்து நட்டின்மேல் ஒட்டினேன். கைப்பையில் இருந்த அட்டையிலிருந்து இன்னொரு பொட்டு, நேர் எதிரே இரும்பில். இரண்டு பொட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன.

"இப்ப அடிங்க," என்றேன்.

பத்து அடிக்குப் பிறகு நட்டுப் பொட்டு ஒரு நூல் அளவு இடம் மாறியிருந்தது. அண்ணன் குனிந்து பார்த்து, "அலமாக், நகருது லா," என்றார். அதற்குப் பிறகு என் கணவர் நம்பிக்கையோடு அடித்தார். மேல்நட்டு வந்தது. அதற்குப் பின்னால் விளிம்பு மடங்கிய ஒரு தகடு. மேல்நட்டு தானாகத் திரும்பாமல் அதைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்த மடிப்பு. அதை நிமிர்த்தி எடுத்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு எட்டு மூலை நட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "ரெண்டு இருக்கும். கேக்காத," என்றார்.

மணி ஒன்றரை. அண்ணன் ரொட்டி வைத்திருந்தார். சம்பல் போத்தலைத் திறந்து, கிரீஸ் கையோடு, நின்றபடியே தொட்டுச் சாப்பிட்டோம். பிள்ளைக்கென்று செய்தது. இந்நேரம் அவள் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருப்பாள். லைன் இல்லை என்று அந்தப் பெண் குரல் மூன்று மொழியில் சொல்லியிருக்கும். நடந்துபோய்ச் சொல்வதற்கும் இனி நேரமில்லை. வேலை முடிந்தால்தான் வழி. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாவது நட்டும் வந்த பிறகு சக்கரத்தின் நடுப்பாகம் முழுசாகக் கையோடு வந்தது. அதற்குள்ளே எட்டுப் போல்ட்டில் நிற்கும் குழல் ஒன்று. அதைத் தட்டி எடுத்ததும், கறுப்புக் கூழ் மாதிரி கிரீசோடு அந்தத் தண்டு வெளியே வந்தது. மூட்டின் கிண்ணம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கவேண்டும் என்றார்கள். கிரீசைத் துழாவி ஆறையும் நான்தான் எண்ணி எடுத்தேன். ஒன்று உள்ளே தங்கினாலும் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

உடைந்த துண்டைத் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். உடைந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்துப் போயிருந்தது. கால் பாகம்தான் புதுசாகப் பளபளத்தது.

"இது இன்னைக்கி ஒடஞ்சதில்ல," என்றேன். "ரொம்ப நாளா விரிசல் விட்டுக்கிட்டே இருந்திருக்கு. மிச்சமிருந்தது இன்னைக்கிப் போயிருக்கு."

அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, நெடுநேரம் பார்த்தார். "வெளிய இருந்து பாத்தா தெரியாது," என்றார். அவர் அவ்வளவு பேசியதே அதிசயம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தண்டு இல்லாமல் மறுபடியும் எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். சக்கரம் தாங்குவது அந்த நட்டுகளில்தான், தண்டு இல்லாவிட்டாலும் அவை வேண்டும். உள்நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் பிரச்சினை வந்தது. இறுக்கினால் பேரிங் சூடாகி எரியும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். ஐம்பத்துநாலு இருந்தால் அவர் கைக்கு அந்த இறுக்கம் தெரியும். உளி அடியில் கைக்கு என்ன தெரியும்? "புஸ்தகத்துல கெலோ கணக்கு போட்டிருக்கு," என்றார் வெறுப்பாக. "போல்ட்டுல தராசுக் கொக்கிய மாட்டி இழுக்கணுமாம். சுத்த ஆரம்பிக்கறப்ப மூணுக்கு மேல, அஞ்சரைக்குக் கீழ இருக்கணும். தராசுக்கு எங்க போறது."

நான் கைப்பையைத் திறந்து பெட்டி எடைபார்க்கும் கருவியை நீட்டினேன். விமான நிலையத்தில் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது. இரண்டு ஆண்களும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். சக்கரப் போல்ட்டில் கொக்கியை மாட்டி நானே இழுத்தேன். ஏழு. "அதிகம்," என்றேன். அவர் பின்பக்கமாக ஒரு தட்டு. இரண்டரை. "கம்மி." இன்னும் ஒரு சின்னத் தட்டு. நான்கு புள்ளி இரண்டு. அவ்வளவுதான், பச்சைச் சீட்டு. முதல் நாள் பிள்ளையின் பெட்டியைத் தூக்கிய அதே கொக்கி. அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்தைத் துடைத்ததில் கிரீஸ் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது.

பின்சக்கரத்தாலேயே ஊர்ந்து ரோட்டுக்கு வரும்போது மணி நாலு பத்து. அண்ணன் எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். போன் உயிர் வந்து துடித்தது. மகளிடமிருந்து பதினொரு செய்தி. கடைசியாக, 'சித்தி கூட கிளம்பிட்டேன்மா. நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கீங்களா, அத மட்டும் சொல்லுங்க.' வருகிறோம் என்று மட்டும் எழுதினேன். நெடுஞ்சாலையில் அந்தச் சக்கரத்தை நம்பி வேகமாக ஓட்ட முடியாது. எல்லா வண்டியும் எங்களைத் தாண்டிப் போனது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரமாக நிறுத்தி இறங்கிச் சக்கரத்தின் நடுவில் கைவைத்துச் சூடு பார்த்தார். "நிறுத்தாதீங்க" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

செனாயில் நுழையும்போது ஐந்து இருபத்தைந்து. இரண்டு பேரும் சேற்றுக் காலோடு ஓடினோம். உள்ளே போகும் வரிசையின் வாயில், கயிற்றுக்கு வெளியே, தோள்பையோடு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் என் தங்கை, கையில் இரண்டு ஜீன்சையும் ஒரு ஜோடித் தோல் சப்பாத்தையும் பிடித்தபடி. மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். என்மேல் கிரீஸ், பெட்ரோல், டுரியான் எல்லாம் வாடை அடித்திருக்கும். அவள் விடவில்லை.

"பொட்டு எங்கம்மா?" என்றாள்.

"சக்கரத்துக்குள்ள இருக்கு. அப்புறம் சொல்றேன்."

கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். அவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கறுத்த இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"கவுண்டர்ல பெட்டி அரக் கிலோ கூட இருக்குன்னுட்டாங்கப்பா," என்றாள். "தொறந்து பாத்தா ஒங்க ஸ்டோக்கின்ல ஐம்பத்துநாலு. சித்தி அத எடுத்துக் குடுத்துரச் சொன்னாங்க. நான் ஜீன்ஸையும் சப்பாத்தையும் எடுத்துட்டேன்." குரல் மாறியிருந்தது. "நீங்க எதுவுமே சொல்லலியேன்னு நேத்தெல்லாம் நெனச்சிக்கிட்டே இருந்தேம்பா. அங்க போய் அதுல பேனா போட்டு வெச்சிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. அவருக்குப் பொய் வராது. அது ஒங்கம்மா மாத்தி வெச்சது என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான் தப்பு எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. ஆனால் சேற்றுச் செருப்பால் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"அப்பாக்குச் சொல்ல வராதும்மா," என்றேன். "அதான் வெச்சிருக்காரு."

அவள் அவருடைய பின்னால் கட்டியிருந்த கையை இழுத்து, கறுப்போடு கறுப்பாகத் தன் கன்னத்தில் ஒரு தடவை வைத்துக்கொண்டு, உள்ளே போனாள். துடைக்கவில்லை. வரிசை திரும்பும் இடத்தில் அந்தக் கறுப்பு தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை.

வண்டிக்குத் திரும்பினோம். பின்னால் பதினாலு டுரியான் அப்படியே கிடந்தது. அவர் சாவியைப் போட்டார், ஆனால் கிளப்பவில்லை. சட்டைப்பையிலிருந்த உடைந்த துண்டை எடுத்து முன்தட்டில் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன்.

"அத நானாவே வெச்சிருக்கணும்," என்றார்.